குமரி மேற்குப் பகுதிச் சரல் மண்: பெயர் வைக்க எந்த எண் வேண்டும், எந்த எண் ஏமாற்றும்?

விளைநிலம் (இழையைத் தொடங்கியவர்)

கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு வட்டங்களில் விளை நிலத்து மண் என்றாலே "செம்பொறை மண்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் "செம்மண்". இரண்டுமே சிவப்பு, இரண்டிலும் சரல் (இரும்பு செறிந்த சிறு கல் உருண்டை) கிடக்கிறது.

வேளிமலை அடிவாரத்தில் தொடங்கி, ரப்பர், மரச்சீனி, தென்னை விளைகள் வழியாகக் கீழே ஏலா (பள்ளத்து நெல்வயல்) வரை ஒரு சரிவை எடுத்து, அதிலுள்ள மண்ணை அமெரிக்க மண் வகைப்பாட்டின் (சாயில் டாக்சானமி) படி முறையாக வகைப்படுத்த வேண்டும். கையில் மண் வள அட்டைகள் இருக்கின்றன: பி.எச்., உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், நுண்ணூட்டங்கள். இவை போதுமா? எத்தனை குழி, எந்த ஆய்வு, எந்த மழைத் தரவு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

குழிவெட்டு

தம்பி, அட்டை உரம் போடுவதற்கு, வகைப்படுத்த உதவாது. அட்டைக்கு மண் எடுப்பது மேல் 15 செ.மீ. மண்ணின் பெயரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் 40 செ.மீ.க்குக் கீழே இருக்கும் களி அடுக்கும், ஒன்றே கால் மீட்டர் தாண்டி இருக்கும் கார நிறைவும் (மண்ணின் பிடிப்பில் கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றின் பங்கு). மேல் மண்ணில் டோலமைட் சுண்ணாம்பு தூவியிருந்தால் அட்டையில் பி.எச். 6 காட்டும், அடியில் 4.8 இருக்கும்.

குழி: 1.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.8 முதல் 2 மீட்டர் ஆழம். பார்க்கும் முகத்தில் வெயில் விழ வேண்டும். தோண்டிய மண்ணை அந்த முகத்தின் மேல் கரையில் போடாதீர்கள், அங்கே மிதிக்கவும் வேண்டாம். மேல் மண் அமுங்கிவிட்டால் அடர்த்தி அளவு வீண்.

இடம் தேர்வதில்தான் நம்ம ஊரில் பாதிப் பேர் தவறுகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் சரிவை வெட்டிப் படி போட்டிருப்பார்கள். படியின் உள் ஓரத்தில் மேல் மண்ணே இருக்காது, நேராகக் களி அடுக்கு வெளியே தெரியும். வெளி ஓரத்தில் வெட்டிப் போட்ட மண் 30, 40 செ.மீ. கூடுதலாகக் கிடக்கும். இரண்டு படிகளுக்கு நடுவே வெட்டுப்படாத சரிவில் குழி எடுங்கள். தென்னை விளைகளில் குளத்து வண்டல் பரப்பிய இடங்கள் உண்டு. மேலே சாம்பல் நிறக் களி ஒரு கை அளவு, அதன் கீழே திடீரென்று சிவப்பு வந்தால் அது இயற்கை அடுக்கு இல்லை.

ஒரு சரிவுக்குக் குறைந்தது 5 குழி: முகடு, தோள், நடுச் சரிவு, அடிச் சரிவு, ஏலா. அடுக்கு அடுக்காக மாதிரி எடுக்கும்போது கீழிருந்து மேலே வாருங்கள். மேலிருந்து தொடங்கினால் கரிமம் உள்ள மேல் மண் உதிர்ந்து கீழ் அடுக்கின் பையில் விழும். சரல் மண்ணில் ஒரு கிலோ எடுத்தால் போதாது. பாதிக்கு மேல் சல்லடையில் நின்றுவிடும், 4, 5 கிலோ வேண்டும்.

---

விளைநிலம்

சரி அண்ணே. வெட்டுக்கல் தட்டினால் அதோடு நிறுத்திவிடலாமா?

---

குழிவெட்டு

வெட்டுக்கல் என்று நாம் சொல்வதில் இரண்டு நிலை இருக்கிறது. ஆய்வாளர் புக்கானன் மலபாரின் அங்காடிப்புரத்தில் பார்த்து, 1807-இல் வெளிவந்த நூலில் "லேட்டரைட்" என்று பெயரிட்டது, தரைக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டும் அளவு மென்மையாகவும், வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டால் கல்லாகவும் ஆகும் பொருளுக்கு. இன்றைய வகைப்பாட்டில் அந்த மென்மையான நிலைக்குத்தான் பிளிந்தைட் என்று பெயர். ஏற்கெனவே இறுகிவிட்ட கல் பிளிந்தைட் கணக்கில் வராது.

சோதனை எளிது. சிவப்பு, மஞ்சள் கலந்த கட்டியை எடுத்து நிழலில் உலர்த்தி, ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் போடுங்கள். மறுநாள் மெதுவாக அலசும்போது கரைந்து சேறானால் வெறும் இரும்புக் கறை. உருக்குலையாமல் நின்றால், ஆனால் குழியில் ஈரமாக இருந்தபோது கத்தி இறங்கியிருந்தால், பிளிந்தைட். கத்தியே இறங்கவில்லை என்றால் இறுகிய கல். மூன்றையும் தனித்தனியாக, கன அளவு சதவீதத்தில் எழுதுங்கள். 150 செ.மீ.க்குள் ஏதாவது ஓர் அடுக்கில் பாதிக்கு மேல் பிளிந்தைட் இருந்தால் பெயரே வேறு பக்கம் போகும்.

---

பிப்பெட்

ஆய்வகப் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். இந்த மண்ணில் எல்லாத் தவறும் ஒரே இடத்தில் ஊற்றெடுக்கிறது: களி சதவீதம்.

இரும்பு ஆக்சைடு களித் துகள்களை ஒட்டிக் குருணைபோல ஆக்கிவிடும். வழக்கமான ஹெக்சாமெட்டாபாஸ்பேட் கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கினால் அந்தக் குருணை உடையாது. களி முழுவதும் வண்டலாகவும் நுண் மணலாகவும் கணக்காகும். விரலில் ஈர மண்ணை உருட்டினால் நாடாவாக நீளும், அறிக்கையில் "மணற்பாங்கான இருமண்" என்று வரும். ஹைட்ரஜன் பெராக்சைடால் கரிமத்தை நீக்கி, 16 மணி நேரம் குலுக்கி, அப்போதும் சந்தேகமாக இருந்தால் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து இன்னொரு நகல் ஓட்டிப் பாருங்கள். டைதயோனைட்டால் இரும்பையே கழுவி எடுத்துவிட்டுக் களி அளப்பவர்கள் உண்டு. அது ஆராய்ச்சிக்கு நல்லது, வகைப்பாட்டுக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

சரிபார்க்க இன்னொரு வழி: 15 பார் அழுத்தத்தில் மண் பிடித்து வைக்கும் நீர். அதிலிருந்து அங்ககக் கரிமச் சதவீதத்தைக் கழித்து 3 ஆல் பெருக்குங்கள். அதையும் பிப்பெட் முறையில் (மண் கலந்த நீர் படியும்போது உறிஞ்சி எடுத்து அளப்பது) வந்த களியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதை எடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கணக்குக்காக ஓர் அடுக்கை வைத்துக்கொள்வோம். நேர் அயனிப் பரிமாற்றத் திறன் (கால்சியம், பொட்டாசியம் போன்றவற்றை மண் பிடித்து வைக்கும் அளவு), அம்மோனியம் அசிடேட் பி.எச். 7-இல், கிலோவுக்கு 5.2 சென்டிமோல். அரைகுறையாகக் கலைந்த களி 28 சதவீதம். 5.2 ஐ 0.28 ஆல் வகுத்தால், களியின் கிலோவுக்கு 18.6. வரம்பு 16. ஆகவே "கான்டிக் அடுக்கு (பரிமாற்றத் திறன் குறைந்த களி உள்ள அடி அடுக்கு) இல்லை" என்று எழுதிவிடுவீர்கள். அதே மண்ணின் 15 பார் நீர் 15 சதவீதம், கரிமம் 0.6 என்றால் களி 43.2. இப்போது 12.0. கான்டிக் வரம்புக்குள் நன்றாக இறங்கிவிட்டது. மண் அப்படியே இருக்கிறது, குலுக்கிய நேரம் பெயரை மாற்றுகிறது.

பிப்பெட் இல்லை, ஹைட்ரோமீட்டர் (மிதவைமானி)தான் இருக்கிறது என்றால் வெப்பத் திருத்தம் மறக்காதீர்கள். 20 டிகிரிக்கு அளவிட்ட கருவியில், ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் லிட்டருக்கு 0.36 கிராம் கூட்ட வேண்டும். நாகர்கோவிலில் ஏ.சி. இல்லாத அறையில் 29, 30 டிகிரி சாதாரணம், அதாவது 3.2 முதல் 3.6 கிராம். லிட்டருக்கு 50 கிராம் மண் போட்டிருந்தால் களியில் 6, 7 சதவீத வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். பிப்பெட்டிலும் அப்படித்தான்: 10 செ.மீ. ஆழத்துக்கு 20 டிகிரியில் 8 மணி நேரம், 30 டிகிரியில் ஏறத்தாழ 6 மணி 20 நிமிடம்.

---

விளைநிலம்

பிப்பெட் அக்கா, சரல் உருண்டைகளை உரலில் இடித்துச் சல்லடைக்குள் விடலாமா? சில அறிக்கைகளில் "முழுவதும் இடித்தது" என்று இருக்கிறது.

---

பிப்பெட்

கூடவே கூடாது. மண் கட்டி உடைய வேண்டும், இரும்பு உருண்டை உடையக் கூடாது. மர உலக்கை அல்லது மர உருளை, 2 மி.மீ. சல்லடை. இரும்பு உலக்கையால் இடித்தால் உருண்டை தூளாகிக் களியோடு சேரும். சல்லடையில் நின்ற சரலின் எடையும் பொய்யாகும், பரிமாற்றத் திறனும் தாழ்ந்து தெரியும். சல்லடை மேல் நின்றதைத் தண்ணீரில் அலசி, ஒட்டிய மண்ணைக் கழுவி, உலர்த்தி, பிறகு எடை போடுங்கள்.

எடை சதவீதம் வேறு, கன அளவு சதவீதம் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடையில் சரிபாதி சரல், உருண்டையின் அடர்த்தி 3.0, நுண் மண்ணின் அடர்த்தி 1.2 என்றால், கன அளவில் சரல் 28.6 சதவீதம்தான். வகைப்பாட்டில் கல் மிகுந்த மண்ணைக் குறிக்கும் "ஸ்கெலிட்டல்" என்ற சொல்லுக்கு 35 சதவீதக் கன அளவு வேண்டும். கண்ணுக்குக் குழி முழுக்கக் கல்லாகத் தெரிந்தாலும் அந்தச் சொல் பொருந்தாமல் போகலாம்.

---

ஏலாக்கரை

அதே தலைவலி உரக் கணக்கிலும் வரும். பரிமாற்ற அலுமினியம் 1 சென்டிமோல் இருந்தால், அதன் ஒன்றரை மடங்குக்குச் சுண்ணாம்பு என்பது பொது வழக்கம். நுண் மண்ணின் கிலோவுக்கு 0.75 கிராம் கால்சியம் கார்பனேட். 15 செ.மீ. ஆழம், சரலும் சேர்த்த அடர்த்தி 1.5 என்றால் ஹெக்டேருக்கு 2,250 டன் மண். முழுவதையும் மண்ணாக எண்ணினால் 1,690 கிலோ, சென்டுக்கு 6.8 கிலோ. எடையில் 40 சதவீதம் சரல் என்றால் உண்மையான தேவை 1,010 கிலோ, சென்டுக்கு 4.1. இந்த மண்ணில் சுண்ணாம்பு கூடினால் துத்தநாகமும் போரானும் செடிக்குக் கிடைக்காமல் போகும். மரச்சீனியும் தென்னையும் அதை உடனே காட்டிக் கொடுக்கும்.

மணிச் சத்துக்கு எந்தக் கரைசல் என்று அட்டையில் கேட்டுப் பாருங்கள். பி.எச். 5 உள்ள மண்ணுக்குப் பிரே. ஓல்சன் கார மண்ணுக்கென்று வந்தது. இரண்டு முறையிலும் வந்த எண்களை ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது.

---

பிப்பெட்

கார நிறைவையும் முடித்துவிடுகிறேன். மேலே சொன்ன அதே கற்பனை அடுக்கு: கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், சோடியம் கூட்டல் 1.6. பொட்டாசியம் குளோரைடில் வரும் அலுமினியம் 1.1. பி.எச். 8.2 பேரியம் குளோரைடு முறையில் அமிலத்தன்மை 6.4.

வகுக்கும் எண்ணை மாற்றிப் பாருங்கள். 1.6 ஐ 2.7 ஆல் வகுத்தால் 59 சதவீதம். 5.2 ஆல் வகுத்தால் 31. 8.0 ஆல் வகுத்தால் 20. அல்டிசாலா (கார நிறைவு குறைந்த மண்) ஆல்ஃபிசாலா (கார நிறைவு கூடிய மண்) என்று தீர்மானிக்கும் 35 சதவீத வரம்பு கடைசி எண்ணுக்கு மட்டுமே உரியது. பல அறிக்கைகளில் முதல் எண்ணை 35-ஓடு ஒப்பிட்டு, வளமான ஆல்ஃபிசால் என்று எழுதியிருப்பார்கள். அதுவும் எந்த ஆழத்தில்? களி அடுக்கின் மேல் விளிம்பிலிருந்து 125 செ.மீ. கீழே, அல்லது தரையிலிருந்து 180 செ.மீ., எது முதலில் வருகிறதோ அங்கே. அதற்கு முன்பே பாறை வந்தால் பாறைக்குச் சற்று மேலே. குழிவெட்டு அண்ணன் 1.8 மீட்டர் தோண்டச் சொன்னது இதற்காகத்தான்.

பி.எச். இரண்டும் எடுங்கள், தண்ணீரிலும் ஒரு மோலார் பொட்டாசியம் குளோரைடிலும். குளோரைடில் எடுத்தது தண்ணீரில் எடுத்ததற்குச் சமமாகவோ கூடுதலாகவோ வந்தால், அந்த அடுக்கில் எதிர் மின்னூட்டம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது என்று பொருள். பொட்டாஷ் போட்டால் நிற்காது.

---

மழைமானி

இனி வானம். இரண்டு மழையும் உள்ள மாவட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) குலசேகரத்தில் பெய்கிற மாதிரி கொட்டாரத்தில் பெய்யாது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றார், பாலமோர் பக்க மழைமானிகளில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நிறைய ஏறும். மயிலாடி, கொட்டாரம், கன்னியாகுமரிப் பக்கம் அதே மாதங்களில் காற்றுதான் அதிகம்.

வகைப்பாட்டில் கேள்வி ஒன்றே: இயல்பான ஆண்டுகளில், ஈரக் கட்டுப்பாட்டுப் பகுதியின் (ஈரமா உலர்வா என்று பார்க்க விதித்த ஆழப் பகுதி) ஏதாவது ஒரு பாகம் மொத்தமாக 90 நாள் உலர்கிறதா? உலர்ந்தால் அஸ்டிக், இல்லையென்றால் யூடிக். கிழக்கே சந்தேகமே இல்லை, தை முதல் பங்குனி வரையும் காய்கிறது, ஆனி ஆடியிலும் காய்கிறது, அஸ்டிக். மேற்கே மலையடிவாரத்தில் காய்வது தை முதல் பங்குனி வரை மட்டும், அதுவும் இடையில் கோடை மழை உண்டு. 90 நாளுக்குச் சற்று இப்பால், சற்று அப்பால்.

---

ஏலாக்கரை

நாகர்கோவில் மழையை எடுத்து மாவட்டம் முழுவதற்கும் ஒரே முடிவு சொல்லலாமே? தூரம் 30 கிலோமீட்டர்தானே.

---

மழைமானி

சொல்ல முடியாது சார். அந்த 30 கிலோமீட்டருக்குள் மழையின் அளவு மட்டும் மாறவில்லை, பெய்யும் மாதங்களே மாறுகின்றன. வேளிமலைச் சரிவுக்குத் தக்கலை, இரணியல், பெருஞ்சாணி மூன்றையும் எடுத்து, உயரத்தைக் கணக்கில் சேர்த்து இடைப்பட்ட மதிப்பு காணுங்கள். "இயல்பான ஆண்டு" என்பதற்கு விதி இருக்கிறது: குறைந்தது 30 ஆண்டுத் தரவு, ஆண்டு மழை சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள், 12 மாதங்களில் 8 மாதமும் அப்படியே. மூன்று வருட மழையை வைத்து எழுதும் அறிக்கை செல்லாது.

மாதக் கூட்டலை வைத்து நீர்ச் சமநிலை போட்டால் உலர்ந்த நாள்கள் மறைந்துவிடும். மார்ச் 28-ஆம் தேதி ஒரே நாளில் 60 மி.மீ. பெய்தால் மார்ச் முழுவதும் ஈரமாகக் கணக்கில் வரும். தினசரி மழையை எடுங்கள், அல்லது குறைந்தது பத்து நாள் கூட்டல்.

ஆவியாதல் கணக்கில் இன்னொரு பள்ளம். தார்ன்த்வைட் முறை வெப்பநிலையை மட்டுமே பார்க்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலில் காற்றாலைகளை அங்கே நிறுத்திய காரணமே ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று. அந்தக் காற்று மண்ணை உலர்த்துவதைத் தார்ன்த்வைட் காணாது. கிழக்குப் பக்கத்துக்குப் பென்மன்-மான்டீத் முறை அவசியம். மேற்கே ரப்பர் தோட்டத்துக்குள் வித்தியாசம் குறைவு.

வெப்ப ஆட்சி பற்றி நீட்ட வேண்டாம். 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டு சராசரி 22 டிகிரிக்கு மேல், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குக் கீழ். சமவெளி முழுவதும் ஐசோஹைபர்தெர்மிக்.

---

குழிவெட்டு

மழைமானி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஈரக் கட்டுப்பாட்டுப் பகுதி எல்லா மண்ணுக்கும் ஒரே ஆழத்தில் இல்லை. களி கலந்த நுண் இருமண்ணில் 10 முதல் 30 செ.மீ., பரும இருமண்ணில் 20 முதல் 60, மணலில் 30 முதல் 90. சரல் இருந்தால் அந்த அளவுக்கு இன்னும் கீழே இறங்கும், ஏனென்றால் கல் தண்ணீரைப் பிடிக்காது. ஆகவே மேல் 20 செ.மீ. புழுதியாகக் கிடக்கிறது என்பதை வைத்து அஸ்டிக் என்று எழுதாதீர்கள். பேச்சிப்பாறைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில் ஈரம் பார்த்துவிட்டு யூடிக் என்றும் எழுதாதீர்கள். பாசனத்தைக் கழித்துவிட்டுத்தான் ஈர ஆட்சி.

---

சமவுயரக்கோடு

நிலத் தோற்றத் தரவு பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் வருகிறேன். செயற்கைக்கோள் உயர மாதிரியை எடுத்து, சரிவு, வளைவு, ஈரக் குறியீடு எல்லாம் கணினி போட்டுத் தந்துவிடும். ஆனால் 2000-ஆம் ஆண்டு ரேடார் உயரத் தரவில் தெரிவது ரப்பர் மரங்களின் தலை. தோட்டத்தின் ஓரத்தில் மரச்சீனி விளை இருந்தால், அங்கே இல்லாத ஒரு மேடு வரைபடத்தில் எழும். அதைத் "தோள்" என்று குறித்துக் குழி போடுவார்கள். மர உயரத்தைக் கழித்த உயர மாதிரியைப் பயன்படுத்துங்கள். அத்தோடு சர்வே ஆஃப் இந்தியாவின் 58 ஹெச் வரிசை 1:50,000 தாள்களின் 20 மீட்டர் சமவுயரக் கோடுகளை மேலே பரப்பிச் சரிபாருங்கள்.

ஏலாக்கள் ஒடுங்கியவை, பல இடத்தில் அகலம் 60, 80 மீட்டர்தான். 30 மீட்டர் கட்டத்தில் அது இரண்டு மூன்று புள்ளி. அதனால் ஏலா எல்லையைக் கணினியிடம் விடாமல் படத்தைப் பார்த்துக் கையால் வரைய வேண்டும். மலையடிவாரத்தில் தாய்ப் பாறை சார்னோக்கைட்டா, கார்னெட் உள்ள கோண்டலைட் வகையா என்பதையும் அருகிலுள்ள வெட்டுமுகத்தில் பார்த்துக் குறியுங்கள். ஒரே சரிவில் பாறை மாறினால், களி மாறியதற்குச் சரிவைக் காரணம் காட்டக் கூடாது.

நிறம் ஏமாற்றுவதற்கு முட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள தேரி மணல் நல்ல சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் குலசேகரத்து விளை போலவே இருக்கும். கையில் எடுத்தால் மணல். சிவப்பு என்பது துகளின் மேல் பூச்சு. அங்கே ஒரு மீட்டருக்குக் கீழே குழி எடுத்தால் சுவர் சரியும், படி வைத்து அகலமாக வெட்டுங்கள்.

---

பிப்பெட்

கடற்கரை மணலுக்கு ஒரு எச்சரிக்கை. மணவாளக்குறிச்சிப் பக்கம் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் கலந்திருக்கிறது. துகள் அடர்த்தி 2.65 என்று அச்சடித்த வாய்பாட்டைப் போட்டால் துளை அளவு தவறாகும், இல்மனைட் 4.7 வரை போகும். பிக்னோமீட்டரில் துகள் அடர்த்தியை நேராக அளந்துவிடுங்கள்.

---

ஏலாக்கரை

ஏலா மண்ணைப் பற்றியும் இரண்டு வரி. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகமும் தண்ணீர் நின்ற வயலில், ஈர மண்ணில் பி.எச். 6.5 காட்டும். உலர்த்திவிட்டு எடுத்தால் 5-க்குப் பக்கம் வரும். இரண்டையும் எழுதுங்கள், எந்த நிலையில் எடுத்தது என்பதோடு. அங்ககக் கரிமத்துக்கு வாக்லி-பிளாக் டைகுரோமேட் சோதனை செய்யும்போது நீரில் நின்ற மண்ணின் இரும்பு டைகுரோமேட்டைத் தின்று கரிமத்தைக் கூட்டிக் காட்டும். நன்றாகக் காற்றில் உலர்த்திய பிறகே செய்ய வேண்டும். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் காயல் ஓர மண்ணில் குளோரைடும் அதே வேலையைச் செய்யும். சில்வர் சல்பேட் சேர்க்க வேண்டும்.

---

விளைநிலம்

அப்படியானால் நடுச் சரிவுக்கு என்ன பெயர் வரும்? அல்டிசால், கான்டிக் அடுக்கு என்று முடிவானால், யூடிக் என்றால் கான்டியுடல்ட், அஸ்டிக் என்றால் கான்டியஸ்டல்ட், சரிதானா?

---

குழிவெட்டு

அதற்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது தம்பி, அதைத் தாண்டிவிட்டீர்கள். அல்டிசாலுக்குள் வரிசை: முதலில் நீர் தேங்கியதா, அடுத்து கரிமம் மிகுந்த ஹியூமல்ட்டா, அதற்குப் பிறகுதான் யூடல்ட், அஸ்டல்ட். ஹியூமல்ட்டுக்கு இரண்டு வழி: களி அடுக்கின் மேல் 15 செ.மீ.யில் கரிமம் 0.9 சதவீதம், அல்லது ஒரு மீட்டர் ஆழம் வரை சதுர மீட்டருக்கு 12 கிலோ கரிமம். அதில் விழுந்துவிட்டால் 90 நாள் சண்டை துணைக் குழுவில்தான் வரும்.

இங்கேயும் சரல் வந்து நிற்கும். சராசரி கரிமம் 1 சதவீதம், அடர்த்தி 1.5 என்றால் ஒரு மீட்டருக்கு 15 கிலோ, ஹியூமல்ட். எடையில் 40 சதவீதச் சரலைக் கழித்தால் 9 கிலோ, ஹியூமல்ட் இல்லை. ஆய்வகம் தரும் கரிம எண்ணில் 1.3 மீட்புக் காரணி (சோதனையில் பிடிபடாத கரிமத்துக்கான திருத்தம்) ஏற்கெனவே பெருக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். இரண்டு முறை பெருக்கியவர்களும் உண்டு, ஒருமுறைகூடப் பெருக்காதவர்களும் உண்டு.

அடுத்து, உச்சக் களி உள்ள அடுக்கிலிருந்து 150 செ.மீ. ஆழத்துக்குள் களி அதன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் "கான்டி" போய் "கான்ஹாப்லோ" வரும். மேல் மண்ணில் களி 20 முதல் 40 சதவீதம் என்றால், 15 செ.மீ. இடைவெளிக்குள் 1.2 மடங்கு ஏற வேண்டும்; இல்லையென்றால் கான்டிக் அடுக்கே இல்லை. அதனால் எல்லைக்குப் பக்கத்தில் 20 செ.மீ. தடிமனில் ஒரே மாதிரி எடுக்காமல், 7, 8 செ.மீ.யாகப் பிரித்து எடுங்கள்.

---

சமவுயரக்கோடு

அண்ணே, எந்த மாதம் தோண்டச் சொல்வீர்கள்?

---

குழிவெட்டு

விளைக் குழிகள் மாசியில். சுவர் நிற்கும், உலர்ந்த நிறமும் நனைத்துப் பார்த்த நிறமும் ஒரே நாளில் மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு எழுதலாம். களி அடுக்கில் கத்தி முனையால் கட்டிகளைப் பெயர்த்து அவற்றின் மேல் படிந்த களித் தோலின் பளபளப்பு பார்க்க, அதற்கு முந்தின நாள் மாலை முகத்தில் தண்ணீர் தெளித்து வையுங்கள். அப்படியே உலர்ந்த முகத்தில் தெரியாது.

ஏலாக் குழி இரண்டு முறை. மாசியில் ஒன்று, கும்பப்பூ நாற்று நட்ட பிறகு வரப்போரம் ஆகர் (மண் துளைப்பான்) போட்டு நீர்மட்டம் பார்க்க ஒன்று. பையில் குழி எண், மேல் ஆழம், கீழ் ஆழம், தேதி நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஈர மண்ணில் பேனா மை கரைந்துவிடும்.